ஆயில் ஊறிய வண்டி

2017 மார்ச் 14 — 24,800
2018 அக்டோபர் 2 — 160
2020 மே 11 — 160
2020 ஜூலை 27 — 410
2020 டிசம்பர் 3 — 95
2021 ஆகஸ்ட் 5 — 730
2021 நவம்பர் 22 — 9,350

தொகையெல்லாம் டாலரில். முதல் தொகை ஒரு முழு வண்டிக்குக் கொடுத்தது. கடைசித் தொகை அதே வண்டிக்குப் புது எஞ்சின் போட கம்பெனி எழுதித் தந்த மதிப்பீடு. நடுவில் இருப்பவை இரண்டு பேட்டரி, ஒரு தொடுதிரை, பின்கதவுப் பூட்டு, பின்சக்கரங்களின் பிரேக் தட்டுகள். நாலு வருஷம் எட்டு மாதத்தில் வண்டி ஓடிய தூரம் 7,904 கிலோமீட்டர். உருப்படியான வாடகைக் கார் இரண்டே மாதத்தில் ஓடிவிடும் தூரம் அது.

வண்டிக்காரரைப் பாட்டில் தொழிற்சாலையில் மில்லிமீட்டர் என்று கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். மணிக்கு ஆறு பாட்டில் வரிசையிலிருந்து எடுப்பார். கழுத்து, தோள், அடி என்று மூன்று இடத்தில் வெர்னியர் கருவியால் கண்ணாடியின் கனத்தை அளப்பார். அரை மில்லிமீட்டர் பிசகினால் சிவப்புச் சீட்டு ஒட்டுவார். இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை. அத்தனை வருஷத்தில் ஒரு பாட்டில் கூட அவர் கையால் உருவானதில்லை. ஆனால் பாட்டிலை ஊதி எடுக்கிறவர்களைப் பார்த்து உச்சுக்கொட்ட அவருக்கு உரிமை உண்டு என்று நினைத்தார்.

வீட்டிலும் அதே கதைதான். குளியலறைச் சோப்பு வாரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் தேய்கிறது என்று அவரிடம் கணக்கு உண்டு. அளந்து என்ன கண்டார் என்று கேட்டால் பதில் கிடையாது. அளந்ததே போதும் அவருக்கு.

அவர் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் மூன்று குடியிருப்புகளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் புண் கட்டுவது அவள் வேலை. திங்கள், புதன், சனி. போக வர அறுபத்து நாலு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாறி, கட்டுத்துணியும் மருந்தும் உள்ள பையைத் தூக்கிக்கொண்டு போவாள். அவள் கைராசிக்கு ஒரு சாட்சி சொன்னால் போதும். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணோடு கிடந்த ஒரு கொத்தனாருக்குப் பதினாலு மாதத்தில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

வண்டி வாங்கியதே இந்தச் சுற்றுக்காகத்தான். குடும்பத்துக்கும் ஆச்சு, மண்ரோட்டுக்கும் தாங்கும் என்று டீசலில் ஓடும் சின்ன எஸ்.யு.வி.யாகப் பார்த்தார்கள். விலையில் பாதி, 12,400, அவளுடையது. வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு என்று பேச்சு. மருத்துவமனை வேனையே ஓட்டிப் பழகியவள் அவள்.

முதல் திங்கட்கிழமை காலை சாவி கொக்கியில் இல்லை.

"அந்த ரோடெல்லாம் ஜல்லி. அடியில அடிச்சா பெயின்ட் போயிடும்," என்றார் மில்லிமீட்டர். "கொஞ்சம் பழகட்டும் வண்டி."

"வண்டி பழகணுமா? ஏங்க, அது என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா?"

"உனக்கு எல்லாம் விளையாட்டுதான்."

பழகும் காலம் நாலரை வருஷம் நீடித்தது. அவள் பஸ்ஸிலேயே போனாள்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனது தொழிற்சாலைக்கு. வீட்டிலிருந்து 2.3 கிலோமீட்டர். எஞ்சின் சூடேறுவதற்குள் வாசல் வந்துவிடும். மாலையில் அதே 2.3. ஞாயிற்றுக்கிழமை பூங்காவைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், பிறகு கழுவித் துடைப்பு. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக் கடைசி வரை பிரிக்கவில்லை. கோடையில் அவள் அதில் உட்கார்ந்து எழுந்தால் புடவை தோலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இவ்வளவு சீராட்டியும் வண்டிக்கு ஏன் இத்தனை நோய் என்று அவருக்கு விளங்கவேயில்லை. ஓடாத வண்டியில் பேட்டரி சாகும், ஒன்றுக்கு இரண்டாகச் செத்தது. கழுவிக் கழுவி ஈரத்தோடு நிறுத்தினால் பிரேக் தட்டில் துரு ஏறும், ஏறியது. வெயிலில் கண்ணாடியை ஏற்றியே வைத்தால் திரை வெந்து போகும், போனது. ஒவ்வொரு தடவையும் அவர் கம்பெனிக்காரனைத் திட்டினார்.

அவளுடைய தம்பி மெக்கானிக். ஊர் ஓரத்தில் சொந்தமாக ஷெட் வைத்திருந்தான். முதல் பேட்டரி போனபோதே வந்து சொன்னான்.

"மாமா, இந்த மாதிரி டீசல் வண்டில புகைக்கரியைப் பிடிச்சு வைக்க ஒரு வடிகட்டி இருக்கு. கரி நிறைஞ்சா வண்டி தானே அதை எரிச்சுக்கும். அதுக்கு இருபது நிமிஷம் நல்லா ஓடணும். எரிக்கும்போது ஃபேன் சத்தமா சுத்தும். அப்ப நிறுத்திடாதீங்க. எரிக்கறதுக்குன்னு உள்ள போன டீசல் கீழ ஆயில்ல இறங்கிடும்."

"மச்சான், உன் ஷெட்ல நிக்கிற வண்டிங்களைப் பார்த்திருக்கேன். ஒவ்வொண்ணும் தெருநாய் மாதிரி இருக்கு. என் வண்டியைப் பாரு. முகம் தெரியுது."

"முகம் பார்க்கக் கண்ணாடி வாங்கியிருக்கலாமே மாமா, இன்னும் மலிவா வரும்."

தம்பி அத்தோடு விட்டுவிட்டான். மில்லிமீட்டரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொழிற்சாலை வாசலில் ஃபேன் சத்தம் போட்டால் எஞ்சின் களைத்துவிட்டது என்று பதறி உடனே அணைத்தார். ஓய்வு கொடுக்கிறாராம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்று என்று கையேடு சொன்னது. "பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முன்னால வருதோ" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவர் கிலோமீட்டரை மட்டும் படித்தார். "ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில்? பிடுங்கித் தின்னப் பார்க்கறான்."

ஆனால் ஆயிலை அளந்தார். ஞாயிறுதோறும் அளவுக் கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஆயில் ஏறிய உயரத்தை வெர்னியரில் அளந்து நோட்டில் குறித்தார். வாங்கிய புதிதில் மேல் கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே. இரண்டாம் வருஷம் கோட்டைத் தொட்டது. மூன்றாம் வருஷ முடிவில் ஐந்து மில்லிமீட்டர் மேலே. ஆயில் எப்படித் தானாக ஏறும் என்று வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். இவர் பூரித்துப் போனார். தொழிற்சாலையில் தேநீர் நேரத்தில் இதுதான் பேச்சு.

"உங்க வண்டியெல்லாம் ஆயில் குடிக்கும். என் வண்டில ஆயில் ஊறுது. வச்சுக்கிற விதத்துல வச்சுக்கணும்."

சூளைக்காரர் ஒருவர் கேட்டார்: "அப்படியே டீசலும் ஊறுதான்னு பாருங்களேன். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு லிட்டர் ஊத்துங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மில்லிமீட்டரும் சிரித்தார். பொறாமையில் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

2021 நவம்பர் முதல் வாரம் மருத்துவமனையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஜனவரி ஒன்றிலிருந்து சொந்த வண்டி உள்ள நர்ஸுகளுக்கு மட்டுமே வெளிச்சுற்று. மற்றவர்கள் வார்டுக்குத் திரும்ப வேண்டும். அவள் போகாவிட்டால் அந்த மூன்று குடியிருப்புக்கும் வேறு ஆள் இல்லை என்பது அறிவிப்பில் இல்லை. அது அவளுக்குத் தெரியும், கொத்தனாருக்கும் தெரியும்.

நவம்பர் 15, திங்கள். அவள் விடியும்போதே சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் எப்படி வேலைக்குப் போறது?" என்றார் அவர்.

"ரெண்டு புள்ளி மூணு கிலோமீட்டர். நடங்க."

நெடுஞ்சாலையில் வண்டி அலுங்காமல் போனது. முப்பத்தோராவது கிலோமீட்டரில் அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் ஓரம் கட்டி நிறுத்தி அணைப்பதற்குள் ஏதோ இறுகிப் பிடித்துக்கொண்டது. தம்பி இழுவை வண்டியோடு வந்தான். அளவுக் கம்பியை உருவினான், முகர்ந்தான்.

"அக்கா, இது ஆயில் இல்ல. டீசல். அதுல கொஞ்சம் ஆயில் கலந்திருக்கு, அவ்வளவுதான். தண்ணி மாதிரி இருக்கு. பேரிங் எப்படித் தாங்கும்?"

மில்லிமீட்டர் யாருடைய ஸ்கூட்டரிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். முதலில் கதவுகளில் கீறல் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நாலரை வருஷம் நான் ஓட்டினேன். ஒரு சத்தம் வந்திருக்கா? நீ ஒரே நாள் எடுத்தே."

அவள் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். இன்னும் மூன்று பேருக்குப் புண் கட்ட வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்துக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் 9,350 என்று மதிப்பீடு கொடுத்தார்கள். எஞ்சினுக்கு ஐந்து வருஷ உத்தரவாதம் இருந்தது, இன்னும் நாலு மாதம் பாக்கி. சர்வீஸ் ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண், தினம் இருபது பேரின் பொய்யைக் கேட்டுப் பழகியவர். மெதுவாகச் சொன்னார்.

"சார், வருஷா வருஷம் ஆயில் மாத்தல. கறாரா பார்த்தா உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா வண்டி ரொம்பக் கம்மியா ஓடியிருக்கு. தெரியாம விட்டுட்டாங்கன்னு கம்பெனி பாதி ஏத்துக்கிறது உண்டு. நான் சிபாரிசு எழுதறேன். பார்க்க ஒரு இன்ஜினியர் வருவார். அவர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

பாதி என்றால் 4,675. அவளால் புரட்ட முடிகிற தொகை. ஜனவரிக்குள் வண்டி ஓடும், சுற்று நிலைக்கும். அன்று சாயங்காலமே அவள் சொன்னாள்:

"அந்த நோட்டை எடுத்துட்டுப் போகாதீங்க."

"அதுதான் சாட்சி."

"யாருக்குச் சாட்சி?"

"எப்படி வச்சிருந்தேன்னு அவன் பார்க்கட்டும். அப்புறம் தெரியும் தப்பு யார் மேலன்னு."

இன்ஜினியர் வந்த அன்று அவளும் கூடப் போனாள். இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எஞ்சினைப் பார்த்தார். எத்தனை மணிக்கு நின்றது, எந்த விளக்கு எரிந்தது என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டார். கிளம்புகிற நேரம். மில்லிமீட்டர் நோட்டை நீட்டினார்.

இன்ஜினியர் நின்றபடியே புரட்டினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதையெல்லாம் நீங்களே அளந்தீங்களா?"

"வெர்னியர்ல. மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கூடத் தப்பாது."

"போன மாசம் மேல் கோட்டுக்குப் பதினாலு மில்லிமீட்டர் மேல."

"பதினாலு புள்ளி ரெண்டு."

"இங்க 'ஃபேன் ஓடியது, அணைத்தேன்'னு எழுதியிருக்கே?"

"நூத்து அறுபத்தெட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் குறிச்சிருக்கேன்."

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார்.

"ஆயில் மேல் கோட்டைத் தாண்டினா வண்டியை எடுக்கவே கூடாது, உடனே எங்களைக் கூப்பிடுங்கன்னு கையேட்டுல இருக்கே, சார்?"

"அது சாதாரண ஆளுங்களுக்கு," என்றார் மில்லிமீட்டர்.

ஆலோசகர் தலையைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தார். இன்ஜினியர் நாற்பத்து மூன்று பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொண்டார். நோட்டை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வரும் வழியில் மில்லிமீட்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. "பார்த்தியா, அசந்து போயிட்டான்."

"ஆமா. நானும்தான்."

டிசம்பர் 20-ல் கடிதம் வந்தது. குறை இருப்பது தெரிந்தே வண்டியைத் தொடர்ந்து ஓட்டியதற்கு உரிமையாளரின் கைப்பட எழுதிய ஆதாரம் உள்ளது, ஆகவே பாதி அல்ல, எதுவுமே தருவதற்கில்லை என்று இருந்தது. அந்த வெர்னியர் அளவுகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். வேறு யாரும் இவ்வளவு சுத்தமாகத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அவள் கடிதத்தை ஒரு தடவை படித்தாள். மறுநாள் தம்பியின் ஷெட்டுக்குப் போனாள்.

"உன் தெருநாய்ங்கள்ல ஓடறது எதாவது இருக்கா?"

இருந்தது. அதே கம்பெனி, அதே வகை வண்டி. மருந்து விநியோகிக்கிறவர் ஊர் ஊராக ஓட்டியது. இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். இருக்கை கிழிசல், முன்கதவில் பள்ளம், ஒரு ஜன்னல் பாதிதான் இறங்கும். தம்பி அளவுக் கம்பியை உருவிக் காட்டினான். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் ஒழுங்காக நின்றது.

"ஓடிக்கிட்டே இருந்த வண்டி, அக்கா. நல்லா சூடாகி, நல்லா எரிஞ்சு, நேரத்துக்கு ஆயில் மாத்தினது. இன்னும் அஞ்சு வருஷம் கண்ணை மூடிட்டு ஓட்டலாம்."

"கண்ணைத் திறந்தே ஓட்டறேன். விலை சொல்லு."

4,200. டிசம்பர் 29-ல் தன் பெயரில் பதிந்துகொண்டாள். மறுநாளே மருத்துவமனையில் பத்திரத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

ஜனவரி 3 காலை அவள் கிளம்பும்போது மில்லிமீட்டர் தெருவில் அந்த வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கையில் வெர்னியர்.

"கதவுல பள்ளம் பதினேழு மில்லிமீட்டர்."

"அளந்தாச்சா? தள்ளுங்க, நேரமாச்சு."

எஞ்சின் போன வண்டி வீட்டு முற்றத்தில் நின்றது. அதை விற்க அவர் சம்மதிக்கவில்லை. விற்றால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். கிளை மேலாளருக்கு ஒரு கடிதம், தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, நிறுவனத் தலைவருக்கு ஒன்று எழுதினார். ஒவ்வொன்றோடும் நோட்டின் நகலை, நாற்பத்து மூன்று பக்கத்தையும், விடாமல் இணைத்தார். அவள் திங்கள், புதன், சனி போய் வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் கடிதங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்க் கை கழுவினாள்.

இந்த விஷயத்தில் இனி எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதப்படாது, அனுப்பிய நகல்கள் திருப்பித் தரப்படா என்று இரண்டே வரியில் கம்பெனியின் கடைசிக் கடிதம் வந்தது. அவள் அப்போது நெடுஞ்சாலையில் இருந்தாள். 2022 ஏப்ரல் 9, சனிக்கிழமை.