மொட்டை போட்ட மறுநாள்

பெங்களூரில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திருப்பதிக்குத் திரும்பிய கோவர்த்தனன், சின்னக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை இணையத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுவதைத் தொழிலாக வைத்திருந்தான். யாரையும் நம்பாத ஆள். பெற்ற தாய் கூப்பிட்டாலும் போனை கட் பண்ணிவிட்டு, தானே திருப்பிக் கூப்பிட்டுத்தான் பேசுவான். வாடிக்கையாளர்களுக்கும் அதையேதான் ஓதுவான்.

திருமலையில் மொட்டை போட்டு மீசையையும் எடுத்த மறுநாள், புத்தூரில் தன் வாடிக்கையாளரான ஒரு எண்ணெய் மில்லுக்குப் போனான். அதற்குமுன் ஒரே தடவைதான் நேரில் போயிருக்கிறான், மற்றதெல்லாம் போனில்தான். ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் பிரேமலதா அவனுடைய அடையாள அட்டையை வாங்கி, அதிலிருந்த சுருட்டை முடியையும் முறுக்கு மீசையையும் பார்த்தாள்.

"இது நீ இல்ல."

"நான்தாம்மா. குரல்கூடவா தெரியல?"

"குரலையும் மெஷின்லயே பண்ணிட்றாங்கன்னு அவரே சொல்லிக்கீறாரு."

அவனுடைய நம்பருக்குப் போன் போட்டாள். அவன் சட்டைப் பையில் மணி அடித்தது. அவள் முகம் இன்னும் இறுகியது.

"அவரு போனையும் தூக்கிக்கினு வந்துட்டியா?"

கோவர்த்தனனுக்குக் கோபம் தலைக்கேறியது. "பின்ன என்னதாம்மா பண்ணச் சொல்ற?"

வாசலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இங்க உக்காரு. கோவர்த்தனன் சார் வரட்டும். அவரு சொன்னா உள்ள விட்றேன்."