முழங்கால் உயரத்துக்கு உப்பு

அண்ணனின் பிரஷ் இப்போது என் கம்பெனிப் பையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளையடிக்கிற பிரஷ்தான், நுனி தேய்ந்து கட்டையாகிவிட்டது. என் அண்ணன் சுவருக்குக் கல் ஒட்டும் மேஸ்திரி. போன கார்த்திகையில் காய்ச்சலில் போய்விட்டான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அவனைப் பற்றி எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அவன் கல் ஒட்டிய சுவரைப் பற்றி எழுதுகிறேன், அவனும் வந்துவிடுவான்.

ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடும் ஒரு அக்கா வீட்டின் முகப்பு அது. கடப்பா கல். "பாக்கத்தான் கறுப்பு, உள்ள சுண்ணாம்பு. உப்பு பூந்துச்சுன்னா தோலு உரிஞ்சிடும்" என்பான். அந்த வீட்டு போர் தண்ணீரை வாயில் வைத்து, கரிக்கிறதென்று துப்பிவிட்டு, கலவைக்குத் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தான். நான் சோறு கொண்டுபோன அன்று பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்: "இன்னா மேஸ்திரி, கல்லுக்குக் காபி போடப் போறியா?" அண்ணன் குடத்தை இறக்காமலே, "ஆமாண்ணா, நீ சக்கர எடுத்துகினு வா" என்றான். வேலை முடிந்ததும் சுவரைக் கழுவவில்லை. இந்தப் பிரஷால் தூசி தட்டினான், குழந்தைக்குப் பவுடர் போடுவது மாதிரி.

செய்யார் போகும் என் கம்பெனி பஸ் அந்த வீட்டெதிரில்தான் நிற்கும். தை மாதம் ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். "உங்கண்ணன் ஒட்டுன கல்லப் பாரு, அப்பளம் மாதிரி உதுருது. வேல சரியில்லம்மா. பேத்துட்டு டைல்ஸ் போடப் போறோம்." செத்தவன் வந்து பதில் சொல்லவா முடியும்? கிட்டே போய்ப் பார்த்தேன். கீழ் இரண்டு வரிசை வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. முழங்காலுக்கு மேலே ஒரு கல்லுக்கும் ஒன்றுமில்லை.

"வாசல் தெளிக்கிறது எந்தத் தண்ணிக்கா?"

"போர் தண்ணிதான். கல்லு பளபளன்னு இருக்கட்டும்னு அதுமேலயும் ரெண்டு பக்கெட் அடிப்பேன்."

"சாயத்துக்கு மட்டும் லாரில நல்ல தண்ணி வாங்குறீங்களே, ஏங்க்கா?"

"உப்புத் தண்ணில சாயம் திட்டுத் திட்டா நின்னுடும்..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும். உப்பு கல்லுக்குள்ளேயே தங்கிக் கட்டியாகித் தோலைத் தள்ளிவிடும். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அடப்பாவி, நானே கெடுத்துகினு அவனச் சொன்னேனே" என்றார்.

டைல்ஸ் வரவில்லை. உரிந்த இரண்டு வரிசையும் சொரசொரப்பாகவே இருக்கின்றன, அது திரும்பாது. இப்போது காலையில் பஸ் ஏறும்போது வாசல் மட்டும் ஈரமாக இருக்கும், சுவர் காய்ந்திருக்கும். உள்ளே போன உப்பு இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இந்தப் பிரஷால் தட்டிவிடுகிறேன். அவன் என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். போன வாரம் அக்கா, "அந்தப் பிரஷ இங்கியே வெச்சிட்டுப் போயேன், நானே தட்டிக்கிறேன்" என்றார்.

"வேற ஒண்ணு வாங்கிக்கோங்கக்கா" என்று பையில் போட்டுக்கொண்டேன். அதன் மயிரில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கிறது. அதை மட்டும் நான் தட்டவில்லை.