அய்யா சட்டையில் குத்திய பஞ்சு

அய்யா செத்துப்போனார் என்று நான் நம்பியதற்குக் காரணம் ஒரு துண்டுப் பஞ்சும் சென்ட் வாசமும்தான். எங்கள் கடற்கரையில் அவை இரண்டும் ஒன்றாகச் சேர்வது பிணத்துக்குத்தான்.

அய்யா என் அப்பா. இடுப்பு ஒடிந்து தேறிய அவரை ராமநாதபுரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டிருந்தோம். இன்னொரு தடவை விழுந்தால் படுக்கைதான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அன்று மதியம் போனால், நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருக்கிறார். காலரில் பஞ்சு. கமகமவென்று வாசம்.

"கொன்னு, சோடிச்சும் வச்சுட்டீகளா!" என்று நர்ஸிடம் அலறியபடி, மேசையிலிருந்த எண்ணெய் பாட்டிலைத் தட்டிவிட்டேன்.

அய்யா கண்ணைத் திறந்தார். "ஏலே, எவன் செத்தான்? எதுக்கு இந்தக் கத்து கத்துற?"

அவமானம் எனக்குக் கோபமாகத்தான் வரும். "என்னம்மா பஞ்சு இது?" என்று நர்ஸ் மேல் பாய்ந்தேன்.

"லாவெண்டர் எண்ணெய். இந்த வாசத்துல பெரியவுகளுக்குப் பதட்டம் குறையும், தடுமாறி விழுறதும் குறையும்னு குத்திவிடுறோம். உங்களுக்குத்தான் மொதல்ல குத்தணும்."

"நாப்பது வருசம் வள்ளத்துல நின்ன காலு. அதுக்கு வாசம் காட்டுறீகளாக்கும்!"

அய்யா வாக்கரைப் பிடித்து எழுந்தார். "அந்தக் காலுதான்லே வழுக்கி இடுப்ப ஒடிச்சுச்சு. ஒரு மாசமா விழாம நிக்கிறேன், ஒனக்குப் பொறுக்கலையா? வெளிய போ."

விறைப்பாகத் திரும்பி நடந்தேன். நான் கொட்டிய எண்ணெய் தரையில் காத்திருந்தது.

பஞ்சுக்கு அந்தச் சக்தி உண்டா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று அந்த இல்லத்தில் விழுந்தது நான் ஒருவன்தான்.