காலையில் மட்டும் கிளம்பாத வண்டி

என் புருஷன் எனக்கு விட்டுப்போன சொத்து என்றால் ஒரு பைக்தான். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. அவர் செத்த பிறகு மாமனார் வீட்டிலிருந்து என்னைக் கொண்டுவந்து பாப்பாரப்பட்டி பக்கத்தில் இருக்கும் தம்பி வீட்டில் விட்டார்கள். என் துணிப்பெட்டியோடு அதே டெம்போவில் வண்டியும் வந்தது. "சும்மா நின்னா வீணாப்போயிடும்க்கா, நான் ஓட்டறேன்" என்றான் தம்பி. சரி என்றேன். வண்டி வீணாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தது. நான் வீணாவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தம்பி தக்காளி போடுகிறவன். பறித்ததைக் கிரேட்டில் அடுக்கி, பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, விடிகிற நேரத்தில் பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவான். நேரத்துக்குப் போனால்தான் ஏலத்தில் நல்ல விலை. நான் தருமபுரி ரோட்டில் துணி தைக்கும் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போகிறேன். முதல் பஸ்ஸை விட்டால் அரைநாள் போச்சு. சூப்பர்வைசர் வாயில் விழுவது தனி.

ஆக இரண்டு பேரும் ஒரே வாசலில் இருந்து, ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டியவர்கள். வீடு தக்காளிக் காட்டுக்குள் இருக்கிறது. வெளியே போக ஒரே தடம். தொல்லை அங்கேதான் இருந்தது. தம்பி வண்டி எடுக்கும்போது தாலி அறுத்தவள் எதிரே வரக்கூடாது.

இதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை. தம்பி பொண்டாட்டி நாகரிகம் தெரிந்தவள், முகத்துக்கு நேரே எதையும் பேசமாட்டாள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டதும், "அண்ணி, உள்ள பால் பொங்குதான்னு கொஞ்சம் பாருங்க" என்பாள். நான் எழுந்து உள்ளே போவேன். பாதி நாள் அடுப்பில் பாலே இருக்காது. வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, கையில் சோற்றுப் பையோடு, வண்டி போகட்டும் என்று நிற்பேன்.

வெயில் காலத்தில் இது பெரிய கஷ்டமாக இல்லை. இரண்டு உதையில் வண்டி கிளம்பிவிடும், அவன் பின்னாலேயே நானும் பஸ்ஸுக்கு ஓடுவேன். கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் பனி கொட்டும். மார்கழியில் வண்டியின் சீட்டைத் தொட்டால் கை விறைக்கும். அப்போது வண்டி கிளம்பாது. தம்பி உதைப்பான், நிறுத்துவான், மூச்சு வாங்குவான், அது பிறந்த நேரத்தைத் திட்டுவான், மறுபடி உதைப்பான். வண்டி போகாமல் நானும் வெளியே வர முடியாது. என் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது அடுப்படிக்குக் கேட்கும்.

பாப்பாரப்பட்டி மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனான். போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது, இஞ்சினும் சூடு. மெக்கானிக் ஒரே உதை உதைத்தான், வண்டி உறுமியது. "வண்டி நல்லாத்தான் இருக்குது, உனுக்கு ஒதைக்கத் தெரியல" என்று சொல்லி அனுப்பிவிட்டான். கடையில் கிளம்புகிற வண்டி வீட்டில் கிளம்பவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? வீட்டில்தான். இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். அமாவாசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்தார்கள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார்கள். கழுவிய தண்ணீர் பிளக்கில் இறங்கியதால் மறுநாள் இன்னும் மோசம்.

ஒரு நாள் விடியலில் எனக்கு அவசரமாகக் கக்கூஸுக்குப் போக வேண்டியிருந்தது. அது வாசல் பக்கம் இருக்கிறது. தம்பி உதைத்துக்கொண்டிருந்தான். ஓரமாக, தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். அன்றைக்குத் தம்பி பொண்டாட்டி பாலைப் பற்றிப் பேசவில்லை.

"தெனமும் இந்த மூஞ்சில முழிச்சா வண்டி எங்கிருந்து ஸ்டார்ட் ஆவும்?"

தம்பி அவளை அதட்டுவான் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பையன். அவன் ஹாண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, நீ உள்ள போயிடு. ஏலம் முடிஞ்சிரும்" என்றான். கக்கூஸுக்குப் போகாமலே திரும்பி உள்ளே போனேன். அழுகை வரவில்லை. என் வண்டி, அது என் முகத்தைப் பார்த்து நிற்கிறதாம்.

அடுப்படியில் நிற்க வைத்ததால் ஒரு நன்மை: என் காது கூர்மையாகியிருந்தது. கண்ணால் பார்க்காமல் அந்த வண்டியைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவன் ஹாண்டில்பாரில் இருக்கும் சோக் லீவரை இழுக்கும் சத்தம் கேட்கும். கடைசியில் எப்படியோ இஞ்சின் பிடித்தபின் அதை உள்ளே தள்ளும் சத்தமும் கேட்கும். ஆனால் இஞ்சின் சத்தம் மாறவே மாறாது. மாற வேண்டும். எனக்கு அது தெரியும்.

என் புருஷன் தங்கமான மனிதர் என்று சொல்லமாட்டேன். குளிர் நாளில் அவர் உதைப்பார், நான் எதிரே நின்று சோக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "போடு. இப்ப எடு. எடுன்னா எடுடி!" பொழுது விடிந்ததும் எனக்கு முதல் திட்டு அதுதான். ஆனால் அந்த வண்டிக்கு எதிரே என்னை நிற்க வைத்தவர் அவர் ஒருவர்தான். சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் கூடுதலாகப் போகும், குளிர்ந்த இஞ்சினுக்கு அது வேண்டும். சூடான இஞ்சினுக்குப் போட்டால் பெட்ரோல் நிரம்பி பிளக் நனைந்துவிடும், அப்புறம் கால் உடைய உதைத்தாலும் கிளம்பாது. இதெல்லாம் திட்டு வாங்கியே கற்றது.

தை பிறந்ததும் தம்பி பொண்டாட்டியின் தங்கைக்கு நல்லம்பள்ளியில் வளைகாப்பு. எல்லோரும் வாடகைக் காரில் போனார்கள். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. வீட்டில் நானும் வண்டியும்தான்.

சோக் லீவரை இழுத்துப் பார்த்தேன். கார்புரேட்டர் பக்கத்தில் அசைய வேண்டிய சின்னக் கொக்கி அசையவில்லை. உறைக்குள்ளே கேபிள் கம்பி அறுந்து கிடந்தது. இத்தனை நாளும் அவன் ஒன்றுக்கும் ஆகாத லீவரை இழுத்து இழுத்து விட்டிருக்கிறான். பழி மட்டும் என் தலையில். அறுந்ததைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி ஓட்டறவர வரச் சொல்லுங்கம்மா."

"அவர் இனிமே வரமாட்டாருங்க. நீங்க கேபிளக் குடுங்க" என்றேன். அவர் கேபிளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வீட்டுக்கு வந்து கட்டிங் பிளேயரும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்து மாட்டினேன். பிளக்கைக் கழற்றி, கரி போக உப்புத்தாளில் தேய்த்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தேன், பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சோக்கை இழுத்தேன். இஞ்சின் திணறி நின்றுபோனது. சோக் வேலை செய்கிறது. நின்றதைப் பார்த்துச் சிரித்தேன். அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் காலை எதிரே போய் நிற்க வேண்டும் என்றுதான் இருந்தேன். பழக்கதோஷம், ஸ்டாண்ட் சத்தம் கேட்டதும் கால் தானாக அடுப்படிக்குப் போய்விட்டது. ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது. வாசலில் அவள் குரல் கேட்டது: "பாத்தீங்களா? இன்னிக்கி யாரும் எதுக்க வரல. அதான்."

நான் சரிசெய்தது எனக்கே எதிர்சாட்சியாக வந்து நின்றது. சாயந்திரம் தம்பியை நிறுத்திச் சொன்னேன். "சோக் கேபிள் அந்துபோயிருந்துச்சுடா. நான்தான் மாத்துனேன். இனிமே அது வேல செய்யும், இஞ்சின் சூடா இருக்கறப்போ போட்டுடாத."

அவன் சிரித்தான். "வண்டி ஓட்ட எனுக்கே சொல்லித் தர்றியாக்கா?"

"மாத்துனது நானு. அப்ப வண்டி நின்னதுக்குக் காரணம் என் மூஞ்சி இல்லதானே?"

அவன் சிரிப்பு நின்றது. "அது வேறக்கா" என்றான். துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

அடுத்த நாள் எழுந்ததும் முகம் கழுவி, சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு, வாசலில் இறங்கினேன். நல்ல பனி. தம்பி கிரேட்டுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான், என்னைக் கவனிக்கவில்லை. வண்டிக்கு நேர் எதிரே, ஹெட்லைட்டுக்கு முன்னால் போய் நின்றேன். அவன் குனிந்தபடியே சோக்கை இழுத்து ஒரு உதை உதைத்தான். வண்டி கிளம்பியது. சோக்கைத் தள்ளிவிட்டு, ஓடவிட்டபடியே கடைசி முடிச்சைப் போட்டான். லைட்டைப் போட்டான். வெளிச்சம் என் முகத்தில் அடித்தது.

வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் அவன் கண்ணுக்கு முன்னால் நடந்தது. இதற்கு மேல் எப்படி நிரூபிப்பது?

அவன் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தான்.

ஸ்டாண்ட் போட்டு இறங்கி, என்னைத் தாண்டி உள்ளே போனான். சகுனம் சரியில்லை என்றால் எங்கள் பக்கம் செய்வதுதான்: திரும்ப வீட்டுக்குள் போய், கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். அவள் சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்தான். பிறகு வாசல்படியில் நின்று, என் காலைப் பார்த்துக்கொண்டு, "உள்ள போக்கா" என்றான். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போனேன். அடுப்படியில் போய் நின்றேன்.

ஸ்டாண்ட் எடுக்கும் சத்தம். அப்புறம் லீவரை இழுக்கும் சத்தம். இஞ்சின் சூடாக இருக்கிறது, இவன் பழக்கத்தில் சோக்கை முழுசாகப் போட்டுவிட்டான். உதைத்தான். கிளம்பவில்லை. இன்னும் உதைத்தான். சன்னல் வழியாகப் பெட்ரோல் வாடை அடுப்படிக்கு வந்தது. பிளக் நனைந்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, சாவியைத் திருப்பி அணைத்து, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்து நாலு உதை உதைத்தால் சரியாகிவிடும். சன்னலில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பாத்தீங்களா, நான் சொன்னா நம்ப மாட்டீங்க" என்றாள் அவள்.

அவன் உதைத்துக்கொண்டே இருந்தான். ரோட்டில் என் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பாலக்கோட்டில் ஏலம் ஆரம்பித்திருக்கும். அடுப்பில் அன்றைக்கும் பால் இல்லை. பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.