பட்டியலில் பதினோராவது வரி

என் தங்கை வீடு வீடாகப் போய் இணைய இணைப்பு சரிசெய்பவள். நான் எட்டாம் வகுப்போடு தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டவன். அவள் ஏணியைத் தோளில் வைத்துக் கிளம்பும்போது இன்றும் கடை வாசலுக்கு வந்து நின்று பார்ப்பேன்.

வேலையில் அவளுக்கு ஒரு கறார் உண்டு. ஒருமுறை ஒரு வீட்டுக்காரர், "என் பொண்ணு என்னென்ன பாக்கறான்னு எடுத்துக் காட்டும்மா" என்று கேட்டார். "எந்த போன், எவ்வளவு நேரம்னு காட்டறேன் சார். என்ன பாத்தான்னு தெரியணும்னா பொண்ணுகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

எங்கள் வீட்டு ரூட்டரில் இணைந்த கருவிகளின் பட்டியலில் பத்து வரிகள். டிவி, மடிக்கணினி, எங்கள் போன்கள் என்று ஒவ்வொன்றுக்கும் அவளே பெயர் வைத்திருந்தாள். அதை என் போனிலேயே திறந்து பார்க்க எனக்கும் கற்றுக்கொடுத்தாள். அளவெடுத்து எழுதியே பழகிய கை. தினமும் நோட்டில் குறித்து வைப்பேன்.

ஒருநாள் பதினோராவது வரி வந்தது. பெயர் இல்லை. காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம். ஐந்து நாள் குறித்துவிட்டு அவளிடம் காட்டினேன்.

"பக்கத்து வீட்டுல எவனோ ஓசியில ஓட்டறான்ண்ணே. ஊருக்கெல்லாம் பூட்டு போடறவ வீட்டுலயே திருட்டா?" என்று சிரித்துக்கொண்டே அதைத் தடுத்துவிட்டாள்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். முப்பது வருடம் நிறுத்தங்களின் பெயரைக் கத்திக் கத்தியே வளர்ந்த குரல். பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து வீட்டோடுதான் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், "இப்போ பயிற்சியை விட்டா அப்புறம் கஷ்டம்" என்று முன்பே சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் பயிற்சிக்குப் போனபோது, அவர் அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"போன தடவை நாலு வார்த்தை தெளிவா சொன்னாரு. இப்போ வாயையே திறக்கல. அவர் எடுத்துட்டு வந்த போன்ல பயிற்சி வீடியோ போட்டுக் கொடுத்தேனே, பாக்கறதில்லையா?"

"அப்பாகிட்ட ஏதும்மா போ..." தங்கை பாதியில் நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது.

ரூட்டரை மாற்றியபோது பழைய கடவுச்சொல்லையே வைத்திருந்தாள். இழுப்பறையில் போட்டிருந்த, கண்ணாடி உடைந்த தன் பழைய போனுக்கும் அது தெரியும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. கோணிய வாயோடு பயிற்சி செய்வதை நாங்கள் பார்க்கக் கூடாதென்று கூச்சப்பட்டு, அப்பா அதை எடுத்து ஒளித்து வைத்திருந்தார்.

பஸ்ஸில் வரும்போதே, அப்பா முன்சீட்டில் இருக்க, தன் போனிலிருந்து தடையை நீக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் வாயை நான்தான் பூட்டிட்டேன்ண்ணே" என்றாள்.

"அப்பா போன்னு பேர் போட்டுடு."

"வேணாம். அவரா சொல்லட்டும். அதுவரைக்கும் நமக்குத் தெரியாது."

மறுநாள் பதினொன்றுக்கு அந்த வரி திரும்ப வந்தது. நாற்பத்திரண்டு நிமிடம். நோட்டில் எழுதினேன். அவளுக்கும் போன் போட்டுச் சொன்னேன். ஏதோ ஒரு வீட்டு மாடியில் ஏணிமேல் நின்றபடி, "சரி சரி, வச்சிரு" என்றாள். 

ஏழு வாரம் கழித்து, காலையில் தங்கை காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா அந்தப் போனைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இது... ரொம்ப... ஸ்லோ."

"நாற்பது நிமிஷம் வீடியோ பாத்தா ஸ்லோவாத்தான் இருக்கும்ப்பா" என்று வாய் தவறி உளறிவிட்டாள்.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோணிய வாயோடே சிரித்தார்.

அன்று மாலை பதினோராவது வரிக்குப் பெயர் வந்தது: கண்டக்டர்.