வெந்த கொழுப்பின் வாடை

மாநில எல்லையிலிருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கும் பால் கம்பெனியில் ஆய்வகப் பெண்ணாகச் சேர்ந்தேன். முதலில் பாலைச் சோதிப்பது மட்டும்தான் வேலை. பிறகு கழிவும் என் தலையில் விழுந்தது.

கேன்களும் குழாய்களும் கழுவிய தண்ணீர் பின்புறத் தொட்டியில் வந்து நிற்கும். அதில் தேங்கும் சேற்றைக் கேஸ் தொட்டிக்குள் விட்டால் எரிவாயு வரும், பாய்லருக்கு விறகு மிச்சமாகும் என்று மேலாளர் கணக்குப் போட்டிருந்தார். வாயு வரவில்லை. காரணம் பார்க்க, கேஸ் தொட்டிக்குள் சேறு இறங்கும் குழியின் மூடியைத் திறந்த காலையை நான் மறக்க மாட்டேன். கொழுப்பு மேலே மிதந்து, மெத்தை மாதிரி மஞ்சளாக உறைந்து கிடந்தது. அதன் மேல் புழுக்கள். கெட்ட நெய்யும் குழந்தை கக்கிய பாலும் சேர்ந்த நாற்றம். தொட்டி ஆபரேட்டர் அண்ணன் நீளக் கழியால் அதைக் குத்தி இழுத்தார். பிய்ந்து வந்த துண்டு என் செருப்பருகே சொத்தென்று விழுந்தது. வேலியோரம் ஓடிப்போய்க் காலையில் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தேன்.

"ஏனுங் அம்மிணி, படிச்சது இதுக்குத்தானுங்களா?" என்று சிரித்தார் அவர். சிரித்தாலும் அவர் மூக்கிலும் துண்டு கட்டியிருந்தது.

கொழுப்பை அப்படியே விட்டால் தொட்டிக்குள் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களால் தின்ன முடியாது. முதலில் காஸ்டிக் சோடா போட்டுச் சூடாக்கி உடைக்க வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். "அப்ப நீங்களே நின்னு செய்யுங்க" என்றார். சொன்ன வாயைத்தான் நொந்துகொண்டேன்.

பழைய பால் அண்டா ஒன்றில் சேற்றை நிரப்பி அடுப்பேற்றினோம். சூடு ஏற ஏற நாற்றம் வேறு உருவம் எடுத்தது. சவர்க்காரமும் பிணமும் ஒன்றாக வேகிற வாடை. அண்ணன் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று நுரை பொங்கியது.

"தள்ளுங்க அம்மிணி!"

தள்ளி நிற்பதற்குள் வெதுவெதுப்பான வழவழப்பு என் பாதத்தில் ஏறி, விரல் இடுக்கெல்லாம் புகுந்தது. சோடாவின் காரம் எரித்தது. ஓடிப்போய்க் குழாயடியில் காலை நீட்டி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எரிச்சல் அடங்கியது. அருவருப்பு அடங்கவில்லை.

அதற்குள் பக்கத்துத் தோப்பு அம்மா கேட்டில் வந்து நின்றுவிட்டார். "ஏனுங், செத்த மாட்டையா வேகவெக்கறீங்க? ஊட்டுல சோத்துல கை வெக்க முடியலீங்க. பஞ்சாயத்துல சொல்லிப்போடுவேன், பாத்துக்குங்க!"

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கோபமே வரவில்லை, அவர் சொன்னது நியாயம்.

அடுத்த முறை அண்டாவுக்கு மூடி போட்டு, ஆவியைக் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் விட்டோம். அடுப்பைக் குறைத்து, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். ஆறவைத்து, காரத்தைத் தணித்து, தினமும் சிறிதளவே தொட்டிக்குள் விட்டோம். சில வாரங்களில் வாயு பெருகியது. முதன்முதலாக நீலமாக எரிந்தபோது மேலாளர் அந்த வாயுவிலேயே கேன்டீனில் டீ போடச் சொன்னார். எல்லோரும் குடித்தார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார்கள். டீயின் மேல் பாலாடை மிதந்தது. கிளாஸை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போதும் அதே வேலைதான். வாயு தடையில்லாமல் வருகிறது. எனக்கு அதில் பெருமையும் உண்டு. ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மெல்ல எழுந்து வேறு இடம் தேடுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் சீயக்காய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கிறேன். ஈரக் கூந்தலை மூக்கருகே கொண்டுவந்தால், உள்ளே எங்கேயோ அது இன்னும் இருக்கிறது.