இரண்டு இஞ்ச் குறைவான சட்டை

என் வீட்டுக்காரர் ஆறு வருடம் தன் நாட்டுக்காக உட்கார்ந்தார். தேசியக் கால்பந்து அணியில் இரண்டாவது கோல்கீப்பருக்கு வேலை அதுதான். முதல் கோல்கீப்பர் கல்லுக்குண்டு மாதிரி ஆள். ஒரு சளி, ஒரு சுளுக்கு என்று எதுவும் வந்து தொலைக்காது. அந்த மனிதர் தும்மினால்கூட இவர் ஆசையோடு எழுந்து கையுறையை மாட்டிக்கொள்வாராம்.

கடைசியில் அந்த உட்கார்ந்த கணக்குதான் கைகொடுத்தது. போட்டிகளில் ஒரு நிமிடம்கூட ஆடாதவர் தாய் பிறந்த நாட்டு அணிக்கு மாறிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. என் மாமியார் பிறந்தது பக்கத்து நாட்டில். அங்கே கோல்கீப்பருக்குப் பஞ்சம். முப்பத்தொரு வயதில் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் வீட்டில் சொன்னார்.

மாமனார் அன்றோடு மகனிடம் பேச்சை நிறுத்தினார். மகன் எதிரே நிற்கும்போதே, "உன் புருஷன குடைய எடுத்துட்டுப் போகச் சொல்லும்மா" என்பார் என்னிடம். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. போகப்போக இவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்த காலத்தில்கூட இவர் இப்படி வாடியதில்லை.

மாமா தையல்காரர். இவருக்குக் கை நீளம். திருட்டுக் கை இல்லை, நிஜமாகவே நீளம். எந்தச் சட்டையும் மணிக்கட்டை எட்டாது. பள்ளி அணியிலிருந்து தேசிய அணி வரை ஒவ்வொரு சட்டைக்கும் மாமாதான் கையில் ஒட்டுப் போட்டு நீட்டித் தந்திருக்கிறார். புது நாட்டுச் சட்டைகள் இரண்டு வந்ததும், இவர் தாமே கேட்கப் பயந்து அம்மாவைத் தூது அனுப்பினார். அத்தை அவற்றை மெஷின்மேல் வைத்தார். மாமா கையால் தொடாமல் ஸ்கேலால் தள்ளிவிட்டார். ஒன்றை இவர் அப்படியே போட்டு ஆடினார். இன்னொன்று பீரோவுக்குள் போனது.

எட்டு மாதம் கழித்துப் பழைய நாட்டுக்கும் புது நாட்டுக்கும் ஆட்டம் வந்தது. சமன் செய்தாலே புது அணி அடுத்த சுற்றுக்குப் போய்விடும். டிவி முன்னால் மாமா மகனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், மகனுக்கு எதிராகக் கை தட்ட. தாமே நீட்டிய கை என்பதால் நாலு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது.

கடைசி நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. பழைய அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அவர்களுடைய தடுப்பாட்டக்காரன், நெட்டை என்று பெயர் வாங்கியவன், தலையால் முட்ட முன்னால் வந்தான். ஆறு வருடப் பயிற்சியில் இவருக்கு முன்னால் நின்றவன் அவன். இவர் "விடு!" என்று கத்தினால் குனிந்துவிட வேண்டும், ஒருமுறை குனியாமல் இவர் முழங்காலால் பிடரியில் வாங்கியிருக்கிறான்.

பந்து நேராக நெட்டையின் நெற்றிக்கு வந்தது. இவர் பழக்கதோஷத்தில் தம் ஆட்களைப் பார்த்து "விடு!" என்று கத்தினார். நெட்டையும் பழக்கதோஷத்தில் பவ்யமாகக் குனிந்தான். அவன் தலைக்கு மேலாகப் போன பந்தை இவர் அணைத்துக்கொண்டார். விசில் ஊதியது. அவன் எதற்குக் குனிந்தான் என்று வர்ணனையாளர் குழம்பினார். பயிற்சியைக் கம்பிவேலி வழியாகப் பார்த்துப் பழகிய மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்.

திரையில் பந்தைப் பிடித்த கைகளைப் பெரிதாகக் காட்டினார்கள். மாமா எழுந்துபோய் மணிக்கட்டின்மேல் விரலை வைத்தார்.

"ரெண்டு இஞ்ச் கம்மி. பீரோல இருக்கிறத எடும்மா."

"அதே கலர்ல துணிக்கு எங்க மாமா போறது?" என்றேன்.

மெஷின் டிராயரை இழுத்தார். இரண்டு சட்டைக்கும் சேர்த்து நாலு கைத்துண்டுகள், அளவாக வெட்டி, மடிப்புக் கலையாமல் இருந்தன.

"வெட்டி எட்டு மாசமாச்சு," என்றார் மாமா. "நெட்டைகிட்ட அத்தனை சத்தமா கத்துறான். எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கலையேம்மா."